இலையில் வைத்த கப்ளிங் மூடி

துணி காயும் கொடியில், புடவைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைக்கும் நடுவே, இரண்டு கறுப்பு ரப்பர் மூடிகள் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இது என்ன என்று கேட்காமல் போனதில்லை. அண்ணியும் சளைக்காமல், வண்டியின் வாய்க்குப் போடுகிற மூடி என்று சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அண்ணி சிரிக்க மாட்டார். சாயந்தரம் நான் டிராக்டரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு, "மூடி போட்டியா தம்பி?" என்பதுதான். போட்டேன் என்றாலும் நம்ப மாட்டார். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நாளெல்லாம் மண் அடித்துவிட்டு வந்தவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதை விட்டுவிட்டு இதென்ன விசாரணை என்று நான் எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன். அவர் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரிதான் இருப்பார்.

அது எண்பதுகளின் கடைசி. பூந்தமல்லிக்கு வெளியே, மழை பெய்தால் முழங்கால் வரை சேறாகிற ஒரு தெருவில் இருந்தோம். காட்டுப்பாக்கம் பக்கமெல்லாம் வயல்களை மேடாக்கி வீட்டுமனை போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தை நிரப்பச் சவுட்டு மண் வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் எங்கள் தொழில். டிரெய்லரின் தொட்டியைத் தூக்கிச் சாய்க்க அடியில் ஒரு ஜாக் இருக்கும். அது எண்ணெயின் அழுத்தத்தில் தூக்குவது. அந்த எண்ணெய் டிராக்டரிலிருந்து ஒரு ஹோஸ் வழியாகப் போகும். ஹோஸின் முனையை டிராக்டரில் செருகுகிற இடத்தைத்தான் கப்ளிங் என்போம். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அவ்வளவுதான். ஹோஸ் மாட்டியிருக்கும்வரை கவலையில்லை. கழற்றிவிட்டால் அந்த ஓட்டையும் ஹோஸின் முனையும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஒரு சிட்டிகை மண் உள்ளே போனாலும், அடுத்த தடவை ஹோஸைச் செருகும்போது எண்ணெயோடு கலந்து உள்ளே ஓடி எங்காவது போய் அடைத்துக்கொள்ளும். பிறகு தொட்டி ஏறாது, அல்லது ஏறினது இறங்காது. ஊர் முழுக்க மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவது தொழில். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை வண்டியின் வாயில் விழக் கூடாது என்பது நிபந்தனை. எந்த மகராசன் வகுத்த நியாயமோ தெரியவில்லை. என் ஆயுளில் பாதியை நான் துடைத்தே கழித்திருக்கிறேன்.

அண்ணன் அம்பத்தூரில் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டியவர். அந்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அண்ணன் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் தெருவாசலில் வந்து நிற்பார். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதைக் காணச் சகிக்காமல் அண்ணி சித்தாள் வேலைக்குக் கிளம்பினார். நான் அப்போது வேறொருவரின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மனையில் நான் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதே மண்ணைக் கூடையில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர் என் அண்ணி. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் கேட்கிற மாதிரியே, சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஃபேக்டரியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் அண்ணன் ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினார். ஓட்டுகிறவன் நான், மற்றதெல்லாம் அவர் என்று ஏற்பாடு. முதல் நாள் மண் கொட்டுவதைப் பார்க்க அண்ணியும் கூட வந்தார். நான் லீவரைத் தள்ளினேன். தொட்டி முனகிக்கொண்டே மேலே ஏறி, சாய்ந்து, அவ்வளவு மண்ணும் ஒரே வீச்சில் சரிந்தது. அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர். தூசி பட்டதாகச் சொன்னார். இத்தனை மண்ணைத் தான் தூக்கியிருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். இனிமேல் கூடையைத் தொட மாட்டேன் என்று அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கூடையைக் கோழி கவிழ்த்து வைக்க எடுத்துக்கொண்டார்.

வண்டியோடு வந்த மூடிகள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அவற்றின் கயிறு அறுந்து, எந்த மனையிலோ மண்ணோடு மண்ணாகப் புதைந்துவிட்டன. அண்ணன் ஃபேக்டரிப் பழக்கத்தில் பழந்துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்து வைப்பார். துணி மண்ணைத் தடுத்தது, ஆனால் தன்னுடைய நூலை உள்ளே விட்டது. ஒருநாள் நட்டநடு மனையில், முழு லோடோடு, தொட்டி பாதி தூக்கினபடி நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மனை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் காத்துக்கிடக்கின்றன என்று கத்தினார். ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துவிட்டு நானும் அண்ணனும் மண்வெட்டியால் இழுத்துத் தள்ளினோம். சேதி கேட்டு அண்ணி வந்தார். யாரிடமோ கூடை வாங்கி, சும்மாடு கூட்டி, மண்ணை வாங்கிச் சுமந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. போய்விட்டது என்று நினைத்த வியாதி திரும்பி வந்துவிட்டதைப் பார்க்கிற முகம் அது.

அன்றையிலிருந்து கப்ளிங்கின் மூடி அண்ணியின் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். முதலில் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தார். உள்ளே வியர்த்து, தண்ணீர் கோத்து, துருப் பிடித்தது. மருந்து பாட்டில் மூடி வெயிலில் வெடித்தது. கடைசியில் ஹோஸின் முனைக்கு இரும்பு நாற்காலியின் காலுக்குப் போடுகிற ரப்பரும், டிராக்டரின் வாய்க்கு லாரி டியூபை வெட்டித் தைத்த ஒரு குல்லாயும் பொருந்தின. இரண்டையும் நைலான் கயிற்றில் கோத்து வண்டியிலேயே கட்டிவிட்டார். துடைப்பதற்கு நூல் பிரியாத பழைய நைலக்ஸ் சேலைத் துண்டு. வாரம் ஒருமுறை மூடிகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடுவார். அந்த நேரத்துக்கென்று மாற்று மூடிகூட வைத்திருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படித்தான் பார்த்தார். எனக்குத்தான் அலுத்துப்போகும். செருகுவதற்கு முன் துடை, கழற்றியதும் துடை, மூடு, ஹோஸைத் தரையில் இழுபட விடாதே, முனை கீழே பார்க்கும்படி மாட்டு. ஒவ்வொரு நாளும் இதேதான். சோறு தின்பதைவிட அதிகத் தடவை அதைத் துடைத்தேன்.

இவ்வளவு பார்த்தும் புரட்டாசி வாக்கில் தொட்டி மறுபடி திணற ஆரம்பித்தது. பூந்தமல்லியில் எங்களுக்கு வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக் பாய் வந்து கழற்றிப் பார்த்தார். கப்ளிங்கின் உள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு சின்னக் குண்டு இருக்கும். அது தேய்ந்துபோய்ச் சரியாக உட்காரவில்லை என்றார். புதியதற்குச் சொல்லி வைப்பதாகவும், வருவதற்குத் தீபாவளி ஆகிவிடும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் ஓட்டலாம், ஆனால் தண்ணீர் மட்டும் படக் கூடாது, பட்டால் நேராக உள்ளே போகும், போனால் மொத்தமும் கழற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டு இரண்டு தடவை வந்து போயிருந்தார். கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். வண்டி போனால் நான் பழையபடி வேறு யாருடைய வண்டியையாவது ஓட்டுவேன். அண்ணன் வாசலில் நிற்பார். அண்ணி கூடை எடுப்பார். இதை யாரும் சொல்லவில்லை, மூன்று பேருக்கும் தெரியும். அன்றைக்கு அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்து பேசினார். கத்தின அதே மேஸ்திரியின் வீட்டுக்குத் தானே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. காட்டுப்பாக்கத்தில் புதிதாக ஒரு பெரிய மனை வேலை, விஜயதசமியன்று ஆரம்பம். முதல் லோடைத் தானே நின்று பார்ப்பதாகவும், தொட்டி ஒழுங்காகத் தூக்கினால் பொங்கல் வரைக்கும் வேலை என்றும், தூக்காவிட்டால் அந்த நிமிஷமே வேறு வண்டி என்றும் மேஸ்திரி சொன்னாராம்.

"அந்த ஒரு லோடு பாப்போம்யா. தூக்கலன்னா நானே சாவிய எடுத்து வண்டி கேட்டு வந்தவராண்ட குடுத்துடறேன்" என்றார் அண்ணி.

அண்ணன் சரி என்றார்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அண்ணனுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். ஃபேக்டரி இருந்த காலத்தில் மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி வருவார். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கும்வரை ஒருத்தரும் தொடக் கூடாது என்பதில் அவருக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கடைசி வருஷம் ஏதோ அவசர ஆர்டர் என்று பூஜை போட்ட அன்று சாயந்தரமே இவருடைய லேத்தை ஓட்டச் சொன்னார்களாம். இவரும் ஓட்டியிருக்கிறார். அடுத்த பூஜைக்கு ஃபேக்டரி இல்லை. மூடினதற்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அண்ணன் நம்பியது இந்த ஒன்றைத்தான். தன் கையால் கெடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் வண்டியையும் டிரெய்லரையும் பிரித்து நிறுத்திக் கழுவினோம். அண்ணன் சக்கரத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, அவரவர் ஆயுதத்தை அவரவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். அண்ணன் ஸ்பேனர்களை வைத்தார். நான் சாவியை வைத்தேன். பிள்ளைகள் புத்தகம் வைத்தார்கள். வழக்கமாக அண்ணி அரிவாள்மனையைக் கொண்டுவந்து வைப்பார். அந்த வருஷம் அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தார். உன் ஆயுதம் இன்னும் அரிவாள்மனைதானா என்று கேலியாகக் கேட்டார். அண்ணி வெளியே போனார். கப்ளிங் மூடிகள் இரண்டையும் மாற்று மூடியையும் துவைத்து, துடைத்து, குங்குமம் வைத்து, இலையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தெருவில் வண்டிகள் ஓடவில்லை, தூசியும் இல்லை. ஒரு ராத்திரி திறந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை. வெயில் தாழ்ந்ததும் பூஜை முடிந்தது, கற்பூரம் காட்டியாயிற்று. பொரியும் சுண்டலும் ஒரு பையில் போட்டு, மெக்கானிக் பாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அண்ணன் என்னை அனுப்பினார்.

பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது. கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் மழை. பாய் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கப்ளிங் மூடிதானே கீது தம்பி?"

மூடி சாமிக்கு முன்னால் இலையில் இருக்கிறது என்று அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. பாதி ஓட்டம், பாதி நடை. தெருமுனையில் திரும்பும்போதே மனசுக்குள் முத்தாபுதுப்பேட்டைக்காரர் வந்து வண்டியில் ஏறிவிட்டார்.

வண்டிக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனால் அண்ணி. அண்ணன் ஃபேக்டரிக்குக் கொண்டுபோன பெரிய கறுப்புக் குடையை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கப்ளிங்குக்கு மேலே கவிழ்த்தபடி நின்றிருந்தார். குடை முழுக்க வண்டிக்கு; அண்ணி முழுக்க மழையில். சக்கரத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் கரைந்து அவர் காலடியில் செந்நீராக ஓடிக்கொண்டிருந்தது. காற்று திசை மாறும்போதெல்லாம் அவரும் நகர்ந்து குடையைச் சாய்த்தார். குடைக்கம்பி வண்டியில் பட்டுவிடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிடித்திருந்தார். ஹோஸின் முனை டிரெய்லரில் தலைகீழாகத் தொங்குவதால் அதற்குக் கவலையில்லை என்று, நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். ஜன்னலுக்கு உள்ளே அண்ணன் நின்றிருந்தார்.

"குடை வண்டி மேல படுதா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"படல. நீ போய் உக்காரு" என்றார் அண்ணி.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உள்ளே போய் இலையிலிருந்து மூடியை எடுத்து வந்து மாட்டினால் ஒரு நிமிஷ வேலை. ஒரு கவரைச் சுற்றினால்கூடப் போதும். வண்டி நிற்குமா போகுமா என்று இருக்கிற நேரத்தில் தொடக் கூடாது, மூடக் கூடாது என்று ஒரு மனுஷர் ஜன்னலில் நின்றுகொண்டு சட்டம் பேசுகிறார், அதற்கு இந்த அம்மா மழையில் நின்று காவல் காக்கிறார். நான் போய் எடுத்துவருகிறேன், அண்ணனுக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும் என்றேன். அண்ணி குடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"ஃபேக்டரி போனப்போ அவர் வாசல்ல நின்ன நிலைய நீ மறந்துட்ட தம்பி. நான் மறக்கல. இப்ப மூடிய எடுத்தா, நாளைக்கு இன்னா ஆனாலும் தன்னாலதான்னு உக்காந்துடுவாரு. எனக்கு வண்டியும் வேணும், அவரும் வேணும்."

குடையைக் கொடுங்கள், கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன் என்றேன். கொடுத்தார். நான் பிடித்த லட்சணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாரல் பக்கவாட்டில் வருவது தெரியவில்லையா என்று கேட்டுத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். காலையில் ஸ்டீரிங் பிடிக்க வேண்டிய கை நடுங்கக் கூடாது, போய்த் தலையைத் துவட்டு என்று விரட்டினார். என் அண்ணிக்கு அடுத்தவர் செய்கிற வேலை எதுவும் சரிப்படாது. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அண்ணன் சாப்பிடவில்லை. ஜன்னலை விட்டு நகரவும் இல்லை. மழை ஓய்வது போல ஓய்ந்து மறுபடி பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் தூங்கிப்போன பிறகுதான் விட்டது. அண்ணி உள்ளே வந்து குடையைச் சுவரில் சாய்த்தார். விரல்களைக் குடைக் கைப்பிடியிலிருந்து பிரிக்க இன்னொரு கையால் உதவி செய்ய வேண்டியிருந்தது. மூன்று பேரும் தூங்கினோமா என்பதும் சந்தேகம்.

காலையில் அண்ணன் கற்பூரம் காட்டி மறுபூஜையை முடித்தார். இலையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். அண்ணி நைலக்ஸ் துண்டை விரலில் சுற்றிக் கப்ளிங்கின் உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எண்ணெய்க் கறை இருந்தது. தண்ணீர் இல்லை, மண் இல்லை. ஹோஸைச் செருகினேன். அண்ணன் ஒரு பக்க மட்கார்டில் ஏறினார், அண்ணியும் மறுபக்க மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏறுவதற்கு இடது கையை மட்டுமே ஊன்றினார் என்பதைப் பார்த்தேன், கேட்கவில்லை. சவுட்டு மண்ணை ஏற்றிக்கொண்டு காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி சொன்னபடியே மனையின் ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு டிராக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று. அண்ணன் எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவரைத் தள்ளினேன். எஞ்சின் சத்தம் மாறியது. தொட்டி அசையவில்லை. நான் செத்தேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு முனகல், முன்பக்கம் எழும்பியது. மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏறிக்கொண்டே போனது. முழுசாக நிமிர்ந்து, மண் மொத்தமும் சரிந்து, ஒட்டியிருந்த கடைசிக் கட்டியும் தொப்பென்று விழுந்தது. இறக்கினேன், இறங்கியது. மேஸ்திரி அடுத்த லோடை எந்த மூலையில் கொட்ட வேண்டும் என்று கையைக் காட்டினார். அண்ணி மட்கார்டில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

பொங்கல் வரைக்கும் என்ற வேலை அதற்குப் பிறகும் ஓடியது. தீபாவளிக்குப் புதுக் கப்ளிங் வந்தது. வண்டி தொண்ணூறுகளின் பாதிவரை எங்களிடம் இருந்தது. பிறகு டிப்பர் லாரிகள் வந்து எங்களைப் போன்றவர்களை ஓரம் கட்டின. அப்போது விற்றது வேறு மாதிரி விற்பனை. பிள்ளைகள் படித்து முடித்திருந்தார்கள். அண்ணி மறுபடி கூடையைத் தூக்கவில்லை. நான் அதற்குப் பிறகும் பல வண்டிகள் ஓட்டினேன், எத்தனையோ கப்ளிங்குகளைத் துடைத்தேன். மூடி போட்டாயா என்று கேட்க ஆளில்லாதபோதும் போட்டேன். இப்போது முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த விஜயதசமி மத்தியானம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தார். அத்தனை நாள் குனிந்திருந்த முகம் நிமிர்ந்திருந்தது. பூஜையைக் கெடுக்காமல் விட்டோம், அதனால்தான் சாமி கைவிடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அண்ணி சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சாமிக்குத் தோளு நோவுது. தைலம் எங்க கீதுன்னு பாரு தம்பி" என்றார்.

எனக்குத்தான் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் உள்ளே போயிருந்தார். தைலப் புட்டியைக் கொண்டுவந்து அண்ணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். கையில் இன்னும் இனிப்புத் தட்டு இருந்தது.

"குடைய என்னாண்ட குடுத்திருக்கலாம் இல்ல" என்றார்.

"குடுத்தா புடிச்சிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை அண்ணி. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஆயிற்று, அந்தப் பேச்சை இரண்டு பேரும் மறுபடி எடுத்து நான் கேட்டதில்லை. இப்போது அண்ணிக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. இப்போது அண்ணிக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. காலையில் அண்ணன்தான் சீப்பை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிடுகிறார். எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் வகிடு கோணலாகத்தான் போகிறது. அடுத்தவர் செய்கிற வேலை எதுவும் பிடிக்காத அண்ணி, அதற்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.